ஒரு முழம் தேங்க்ஸ்

நொச்சிக்குறிச்சியில் நன்றி என்ற சொல்லை அதுவரை யாரும் யாரிடமும் வாயால் சொன்னதில்லை. தெரியாமல் இல்லை, ஊர் எல்லையில் பஞ்சாயத்து நட்டுவைத்த பலகையில் 'நன்றி, மீண்டும் வருக' என்று மஞ்சள் எழுத்தில் இருந்தது, மேடையில் பேசுகிறவர்கள் கடைசியாக அதைச் சொன்னதும் ஜனம் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்துபோனது, நாய்க்கு அது உண்டென்றும் மருமகன்களுக்கு அது கிடையாதென்றும் சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருந்தது. ஊர் முடிகிற இடத்திலும் பேச்சு முடிகிற இடத்திலும் நாயிடத்திலும் இருக்கவேண்டியதை அடுத்த வீட்டுக்காரியிடம் போய் எதற்குச் சொல்ல வேண்டும்? அப்படியே அந்த ஊர் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்தும் வாங்கியும், திட்டியும் தின்றும், பிள்ளை பெற்றும் பிணம் தூக்கியும் சௌக்கியமாகவே இருந்து வந்தது.

தெற்குத் தெருவில் ஆவுடையின் வீட்டுக்கும் உலகம்மாளின் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். அண்ணன் பூதத்தானுக்கு வாக்கப்பட்டவள் ஆவுடை, தம்பி ஆண்டிக்கு வாக்கப்பட்டவள் உலகம்மாள். பாகம் பிரித்தபோது அந்தச் சுவரை நாலு விரக்கடை, நாலே விரல் அகலம், தள்ளிக் கட்டியாயிற்று என்று அண்ணனும், இல்லை என்று தம்பியும் சண்டை போட்டு, ஒன்பது வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஓரகத்திகள் இருவரும் சுவர் கட்டிய மறுநாளே அடுப்படிப் பக்கமாக நாலு செங்கல்லை உருவிப் போட்டார்கள். அந்தப் பொந்து வழியாக ஒரு எவர்சில்வர் தூக்குவாளி போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. ரசமாகப் போனால் அவியலாக வரும், அவியலாகப் போனால் புளிக்குழம்பாக வரும், ஒன்றுமே இல்லாத நாளில் ஒரு பிடி சீனியாவது வரும், ஏனென்றால் வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுப்பது அந்த ஊரில் மூஞ்சியில் கதவைச் சாத்துவதற்குச் சமம். வாளியில் வெட்டியிருந்த பெயர் தேய்த்துத் தேய்த்து அழிந்துபோனதால் அது யார் வீட்டு வாளி என்று அவர்கள் இருவருக்குமே மறந்துவிட்டது.

இந்த நிலையில்தான் மகளிர் குழுவுக்குப் பயிற்சி கொடுக்க டவுனிலிருந்து ஒரு மேடம் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் மைக். பீடி சுற்றுகிற சுளகுகளை ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்திருந்த முப்பது பெண்களுக்கு அவர், முன்னேறுவதற்கு ஆயிரம் சொல் வேண்டாம், ஒரு சொல் போதும் என்றார். ஒருத்தர் ஒன்றைக் கொடுத்தால் தேங்க்ஸ். சௌக்கியமா என்று கேட்டால் தேங்க்ஸ். கொடுப்பது வேண்டாமென்றால் முன்னால் ஒரு நோ போட்டு தேங்க்ஸ். போனை வைக்கும்போது தேங்க்ஸ். வாங்குவதற்கும் வாங்காமல் இருப்பதற்கும் ஒரே சொல் எப்படி ஆகும் என்று ஆவுடைக்கு ஆச்சரியமாக இருந்தது; எல்லாக் குழம்புக்கும் ஆகிற சீரகம் மாதிரி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

"இதுவரைக்கும் நீங்க தேங்க்ஸே சொல்லாத ஒருத்தர் இருப்பாங்க. இன்னைக்கு வீட்டுக்குப் போய் அவங்ககிட்ட மனசாரச் சொல்லணும். அடுத்த மாசம் வந்து கேப்பேன்" என்றார் மேடம்.

மற்ற பெண்கள் யாரிடம் சொல்லலாம் என்று ஒருத்தியை ஒருத்தி இடித்துச் சிரித்துக்கொண்டிருக்க, ஆவுடைக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், மூன்றாவது பிள்ளையும் பிறந்த அன்றைக்கே போய்ச்சேர்ந்து, பால் கட்டி, பேச்சு கட்டி, அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்த நாற்பது நாளும் உலகம்மாள்தான் அவளை எழுப்பி உட்காரவைத்து ஊட்டினாள். ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. நாற்பத்தோராம் நாள், மூன்று மாதக் கைப்பிள்ளையாக இருந்த தன் மகள் இசக்கியைக் கொண்டுவந்து ஆவுடையின் மடியில் தொப்பென்று போட்டு, "எனக்கு அடுப்புல சோலி கெடக்கு, இந்தச் சனியனக் கொஞ்சம் புடி" என்று திட்டிவிட்டுப் போனாள். அந்தச் சனியன்தான் ஆவுடையை உயிரோடு வைத்தது. அதற்கு என்ன சொல்வது என்று தெரியாமல் பத்தொன்பது வருஷம் நெஞ்சுக்குள் வைத்திருந்தவளுக்கு, அதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது என்று டவுனிலிருந்து வந்து சொல்லிவிட்டார்கள்.

அன்று மத்தியானம் பொந்து வழியாகத் தூக்குவாளியில் தேங்காய்ப்பால் சொதி வந்தது. ஆவுடை வாங்கிக்கொண்டு, கண் கலங்க, "தேங்க்ஸ் உலகு" என்றாள்.

சுவர் பலாச்சுளை மாதிரி சத்தமில்லாமல் இரண்டாகப் பிரிந்தது. ஆளுக்கொரு சுவர், ஆளுக்கொரு பொந்து, நடுவே ஒரு முழம் அகலத்துக்கு மண். அந்த மண்ணில் ஏற்கெனவே கொஞ்சம் தும்பை முளைத்திருந்தது. ஒரு செவலைக் கோழி, தான் எப்போதும் அங்கேயே இருப்பதுபோல, கிளறிக்கொண்டிருந்தது.

உலகம்மாளும் அதே பயிற்சியில் உட்கார்ந்திருந்தவள்தான். தெரிந்ததைச் சொன்னாள்.

"தேங்க்ஸ்க்கா."

இன்னொரு முழம். இப்போது கோழி தாராளமாகத் திரும்பிக்கொள்ள முடிந்தது.

அன்று சாயங்காலத்துக்குள் தெற்குத் தெரு முழுக்க இதே கதை. மனசாரச் சொன்னாலும் நுனிநாக்கில் சொன்னாலும், ஒரு தேங்க்ஸுக்கு ஒரு முழம். பஸ் கண்டக்டருக்குச் சொன்னால் பஸ் நகர்ந்தது; அது எப்படியும் நகரத்தான் செய்யும் என்பதால் யாரும் கண்டுகொள்ளவில்லை. வாத்தியார் சொக்கநாதன், புதுப்பெண்டாட்டி காபி கொடுக்கும்போதெல்லாம் படித்தவன் தோரணையில் தேங்க்ஸ் சொல்லிச் சொல்லி, அடுப்படிக்கும் நாற்காலிக்கும் நடுவே அறுபது முழம் நீண்டுவிட்டது. காபி வந்து சேரும்போது ஆடை கட்டியிருந்தது. அதற்கும் அவர் தேங்க்ஸ் சொன்னார். ஊர் எல்லைப் பலகை தள்ளிப்போய்த் தள்ளிப்போய் பக்கத்து ஊர் கடைத்தெருவில் நிற்கிறது என்று அங்கிருந்து ஆள் வந்து சண்டை போட்டது. அந்த ஆளைத் தேங்க்ஸ் சொல்லி அனுப்பினார்கள், பலகை இன்னும் கொஞ்சம் தள்ளிப்போனது.

வீடு ஏன் நகர்கிறது என்று யாரும் கேட்கவில்லை. நகர்ந்த இடம் யாருக்கு என்றுதான் கேட்டார்கள். சும்மா கிடைத்தால் எனக்கொன்று எங்கப்பனுக்கொன்று என்பது நொச்சிக்குறிச்சிக்காரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் ஆளாக வந்து நின்றவன் ஆவுடையின் புருஷன் பூதத்தான். நாலு விரக்கடைக்கு ஒன்பது வருஷம் பேசாமல் இருந்தவனுக்கு, ஒரு வார்த்தைக்கு ஒரு முழம் என்றால் கை சும்மா இருக்குமா, வாய்தான் சும்மா இருக்குமா? விடிந்ததும் குளித்து, திருநீறு பூசி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தம்பி வாசலுக்கு எதிரே போய் நின்றான்.

"ஏலே ஆண்டி! நீ எனக்குத் தம்பியாப் பொறந்ததுக்குத் தேங்க்ஸ்."

ஆண்டியும் லேசுப்பட்டவன் இல்லை. "அண்ணாச்சி, நீங்க எனக்கு முன்னாடியே பொறந்து அண்ணனாக் காத்துக் கெடந்ததுக்குத் தேங்க்ஸ்."

"எங்கிட்ட ஒம்பது வருசமா வாயத் தொறக்காம இருந்தியே, அதுக்குத் தேங்க்ஸ்."

"எம் பொண்ணு சடங்குக்கு வராம சோத்த மிச்சம் பண்ணிக் குடுத்தியளே, அதுக்குத் தேங்க்ஸ்."

இப்படி தினமும் காலையில் ஆளுக்கு நாற்பது. சண்டைக்காரர்கள் கொஞ்சிக்கொள்வதைப் பார்க்க தெருவே கூடியது. இருவரும் நடுவில் விழுந்த நிலத்தில் ஆளுக்குப் பாதியென்று முருங்கைக் கொம்பு ஊன்றினார்கள், மாடு கட்டினார்கள். ஆறாம் நாள் சொல்லுவதற்குக் காரணம் தீர்ந்து, வெறும் தேங்க்ஸ் தேங்க்ஸ் என்று தவளை மாதிரி கத்திக்கொண்டிருந்தார்கள். தொண்டை கட்டியதற்குப் பனங்கற்கண்டு வாங்கி ஒருவருக்கொருவர் கொடுத்து, அதற்கும் தேங்க்ஸ் சொன்னார்கள்.

இந்த ஆறு நாளும் ஆவுடைதான் நடந்தாள். முதல் நாள் கையை நீட்டினால் எட்டிய உலகம்மாள், இரண்டாம் நாள் கத்தினால் கேட்கிற தூரத்தில் இருந்தாள். மூன்றாம் நாள் கையசைத்தால் தெரிகிற தூரம். ஆறாம் நாள் வெயிலில் ஒரு பர்லாங்குக்குமேல் நடந்தால்தான் அவள் வீட்டு வாசல். தூக்குவாளியில் சுடச்சுடக் கிளம்பிய ரசம் போய்ச்சேர்வதற்குள் ஆறிக் கஞ்சித்தண்ணியாகிவிட்டது. நடுவழியில் கோழி வேறு மறித்துக்கொண்டு நின்றது. "போதும், நிறுத்துங்க" என்று புருஷனிடம் சொல்லிப் பார்த்தாள்.

"ஒனக்கென்னட்டி தெரியும்? இன்னும் நாலு நாள் நான் தேங்க்ஸ் சொன்னா நாம ஒரு ஏக்கருக்காரங்க."

"ஏக்கர வச்சி நான் யார்கிட்டப் பேசுவேன்?"

"கோழிகிட்டப் பேசு" என்றான் பூதத்தான்.

ஏழாம் நாள் சர்வேயர் வந்தார். சங்கிலியைப் போட்டு அளந்தார், வரைபடத்தைப் புரட்டினார், மறுபடி அளந்தார். வீடுகள் தள்ளிப்போனதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்கு அது வேலையில்லை. கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இந்த இடத்துக்குச் சர்வே நம்பர் கிடையாது, பட்டா கிடையாது, பத்திரம் கிடையாது. எதுவும் இல்லாத இடம் புறம்போக்கு. அரசாங்கத்துக்குச் சொந்தம்." நடுநடுவே கல் நட்டார். நோட்டில், முருங்கைக் கொம்பு பதினாறு, செவலைக் கோழி ஒன்று, இவையும் அரசாங்கத்துக்குச் சொந்தம் என்று எழுதிக்கொண்டார். தெருவே சேர்ந்து ஒரே குரலில் "தேங்க்ஸ் சார்" என்றது. அடுத்த கணம் அவர் எல்லைப் பலகைக்கு அந்தப் பக்கம் சங்கிலியும் கையுமாக நின்றார்.

அண்ணனும் தம்பியும் அந்த நிமிஷமே பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான், நிலம் சுருங்கவில்லை. இருவருக்கும் இல்லாத ஒரு பெரிய பொட்டல் நடுவில் கிடந்தது, அதன் இந்தக் கரையில் ஆவுடை, அந்தக் கரையில் உலகம்மாள். எல்லாவற்றுக்கும் முதல் முழத்தைப் போட்டவள் தான்தான் என்று ஆவுடை மனதுக்குள் வெந்துகொண்டிருந்தாள். பத்தொன்பது வருஷம் சொல்லாமல் வைத்திருந்தபோது பத்திரமாக இருந்தது. சொன்னாள், போயிற்று.

அதற்கு மறுநாள் உலகம்மாள் பொட்டலைக் கடந்து வந்தாள். வேர்த்து வடிந்தது. வாளியை நீட்டினாள். ஆவுடை வாங்கி மூடியைத் திறந்தாள். உள்ளே ஒன்றுமில்லை. புளி போட்டு விளக்கி, கண்ணாடி மாதிரி மின்னியது. ஆவுடையின் முகம்தான் அடியில் தெரிந்தது.

"கொண்டாரதுக்குள்ள எல்லாம் கெட்டுப்போவுது. அதான் வெறுமே கொண்டாந்தேன். ஏனத்த வச்சிக்கிடுங்க. இவ்வளவு நாளும் தேங்க்ஸ்க்கா."

உலகம்மாள் அவளை அதுவரை 'நீங்க' போட்டுப் பேசியதே இல்லை. அவள் திரும்பி நடக்க நடக்க இன்னொரு முழம் நீண்டது. ஆவுடை வாளியைக் கட்டிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். மூன்று பிள்ளைக்கு அழுததுபோல அழுதாள். அழுது முடிந்ததும் அவளுக்குக் கோபம் வந்தது. நல்ல கோபம். வெறும் வாளியைக் கொண்டுவந்து கொடுக்க இவளுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம்! போய் மூஞ்சியில் விட்டெறிந்துவிட்டு வருகிறேன் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, உச்சிவெயிலில், செருப்புக்கூடப் போடாமல் பொட்டலைக் கடந்தாள்.

உலகம்மாள் வீட்டில் அடுப்படியில் யாரும் இல்லை. புழக்கடையில் துணி துவைக்கிற சத்தம் கேட்டது. அடுப்பில் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. விட்டெறிய வந்தவளுக்கு அந்த வாசனை மூக்கில் ஏறியதும், எட்டு நாளாக அந்தக் கைக்குழம்பைச் சூடாகத் தின்னாத வயிறு ஞாபகம் வந்தது. ஆவுடை கரண்டியை எடுத்தாள். கேட்கவில்லை, கூப்பிடவில்லை, பாதிச் சட்டியை வாளியில் ஊற்றி மூடினாள். மேலே தொங்கிய உறியிலிருந்து ஒரு அப்பளக்கட்டையும் உருவிக்கொண்டாள்.

"ஏ யக்கா!" ஈரக்கையோடு வாசலில் நின்றாள் உலகம்மாள். "கேக்காம கொள்ளாம அள்ளிட்டுப் போறியே, இது என்ன ஒங்கப்பன் வீட்டுச் சட்டியா?"

"ஆமாட்டி, எங்கப்பன் வீட்டுச் சட்டிதான். என்ன இப்போ?"

"எம் புருசனுக்கு என்னத்தப் போடுவேன், சவத்து மூதி?"

"தேங்க்ஸப் போடு. அதத்தான அவன் எட்டு நாளாத் தின்னுதான்!"

வீடு ஒரு குலுக்குக் குலுங்கியது. அடுக்கில் இருந்த தம்ளர்கள் கலகலவென்று உருண்டன. ஜன்னல் வழியே பார்த்தால், பொட்டலின் அந்தக் கரையில் புள்ளியாகத் தெரிந்த ஆவுடையின் வீடு இப்போது கதவு ஜன்னலோடு தெரிந்தது. வாசலில் பூதத்தான் வாயைப் பிளந்துகொண்டு நிற்பதும் தெரிந்தது. சொன்ன சொல்லுக்கு ஒரு முழம் தள்ளிப்போன வீடு, கேட்காமல் எடுத்த குழம்புக்கு முப்பது முழம் கிட்டே வந்திருந்தது.

இருவரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். உலகம்மாளின் உதட்டோரம் முதலில் கோணியது.

"இருடி ஒன்ன!" என்று அவள் ஆவுடையை முந்திக்கொண்டு பொட்டலைத் தாண்டி ஓடிப்போய், ஆவுடையின் வீட்டுச் சுளகைத் தூக்கினாள், பீடியிலை வெட்டும் கத்தரியைத் தூக்கினாள், கொடியில் கிடந்த புதுச் சேலையை உருவித் தோளில் போட்டுக்கொண்டாள். ஆவுடை விரட்டிக்கொண்டுபோய் உலகம்மாளின் உப்பு ஜாடியையும் அம்மிக்குழவியையும் தூக்கிவந்தாள். எடுக்க எடுக்க வீடுகள் முட்டிபோட்டு நகரும் கிழவிகள் மாதிரி நெருங்கின. திட்டத் திட்ட இன்னும் வேகமாக வந்தன. பார்த்துக்கொண்டிருந்த தெருவுக்கு விஷயம் பிடிபட்டது. அவனவன் அடுத்த வீட்டுக்குள் புகுந்து கைக்குக் கிடைத்ததைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு வந்தான். நொச்சிக்குறிச்சி தன்னைத்தானே கொள்ளையடித்துக்கொண்டது. சொக்கநாதன் வாத்தியார் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "என்ன காபி இது, கழனித்தண்ணி!" என்று கத்த, அறுபது முழத்துக்கு அப்பாலிருந்த அடுப்படி ஓடிவந்து அவர் முன்னால் நின்றது. பெண்டாட்டி தம்ளரைப் பிடுங்கித் தானே குடித்துவிட்டு, "அப்போ நீ போட்டுக் குடி" என்றாள். அதுதான் அவர் அவளிடம் கேட்ட முதல் வீட்டுப்பேச்சு. அவருக்கு வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது.

விளக்கு வைக்கிறதற்குள் இரண்டு சுவர்களும் ஒட்டி ஒன்றாகிவிட்டன. ஆனால் வந்த வேகத்தில் கொஞ்சம் அதிகமாகவே நெருங்கிவிட்டதால், அண்ணனும் தம்பியும் ஒன்பது வருஷமாக அடித்துக்கொண்ட அந்த நாலு விரக்கடை எங்கே போனதென்றே தெரியவில்லை. இருவரும் ஆளுக்கொரு பக்கம் சாணும் விரலுமாக அளந்துபார்த்து, சண்டைக்கு இடமில்லாமல் போன துக்கத்தில் முதல்முறையாக ஒரே பீடியைப் பிடுங்கிப் பிடுங்கிப் புகைத்தார்கள். சர்வேயர் நட்ட கல் ஒன்று சுவருக்குள் மாட்டிக்கொண்டு, ஆவுடையின் அடுப்படிப் பக்கம் மூக்கை நீட்டியிருந்தது. அவள் அதில் கரித்துணியைக் காயப்போட்டாள்.

அடுத்த மாதம் பயிற்சி மேடம் வந்து, யார் யார் சொன்னீர்கள், எப்படி இருந்தது என்று கேட்டார். முப்பது பெண்களும் மரியாதையாக எழுந்து நின்று ஒரே குரலில் அவருக்குத் தேங்க்ஸ் சொன்னார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவர் பக்கத்து ஊர் கடைத்தெருவில் மைக்கோடு நின்றதைப் பார்த்ததாக முட்டைக்காரர் சொன்னார்.

நிலம் போனபின் கோழிக்குத்தான் போக்கிடமில்லாமல் போயிற்று. இரண்டு வீட்டுக் கூரையிலும் மாறி மாறி ஏறி நின்றது. அது அரசாங்கக் கோழி என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் காணவில்லை.

அன்று மத்தியானம் பொந்து வழியாகத் தூக்குவாளி வந்தது. ஆவுடை மூடியைத் திறந்தாள். நல்லமிளகு தட்டிப்போட்ட கோழிக்குழம்பு, ஆவி பறக்க; மேலாக, அவளுக்குப் பிடிக்கும் என்று ஈரல் முழுவதும் அவள் பங்குக்கே வந்திருந்தது. அவள் ஒரு துண்டை வாயில் போட்டாள். கண் நிறைந்துவிட்டது. நாற்பது நாள் ஊட்டிய கை, மடியில் விழுந்த பிள்ளையின் கனம், வெறும் வாளியோடு வெயிலில் திரும்பி நடந்த முதுகு, எல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்தது. அந்தச் சொல் நாக்கு நுனியில் வந்து நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் உலகம்மாள் மூச்சுக்கூட விடாமல் காத்திருப்பது அவளுக்குத் தெரிந்தது.

ஆவுடை சொல்லை ஈரலோடு சேர்த்து விழுங்கினாள்.

"என்னட்டி இது, உப்ப அள்ளிக் கொட்டிருக்க?"

"தின்னுட்டுப் பேசு, மூதி" என்றது சுவர். சுவர் இன்னும் ஒரு விரக்கடை கிட்டே வந்தது.